வெளிச்சம் படாத மண்

வேன் நின்றதும் தலை எண்ணுவது மங்கையர்க்கரசியின் பழக்கம். சுற்றுலா வழிகாட்டி என்றால் எண்ணத்தானே வேண்டும் என்று நினைப்பீர்கள். அவள் வழிகாட்டியாகிப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது. எண்ண ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் வரிசையை எண்ணி முடித்துவிட்டுத்தான் இலையில் கை வைப்பாள்.

அன்றைக்கு வேனிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள்.

தாமிரபரணிக் கரைத் தொல்லியல் சுற்றுலா, மூன்று நாள், ஆறு பேருக்கு மேல் கிடையாது என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். முதல் நாள் அருங்காட்சியகம். இரண்டாம் நாள் ஆற்றங்கரை மேடுகள், இரும்பு உருக்கிய உலைகளின் அடிப்பாகம், கறுப்பும் சிவப்புமாய் ஓட்டுச் சில்லுகள். இந்த இரண்டு நாளும் ஆட்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு மரியாதைக்கு நடந்து வருவார்கள். அவர்கள் வந்ததே மூன்றாம் நாளுக்காகத்தான். மூன்றாம் நாள் கொற்றன்மேடு. அங்கே இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் இருக்கின்றன. தாழிகளுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது.

ஆறாவது ஆள் முதல் இரண்டு நாளும் வரவில்லை. பட்டியலில் ‘வண்டிமலை, வயது 60’ என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்த நாளிலிருந்து மங்கைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இந்தச் சீமையில் வண்டிமலை என்ற பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளும் அவர் வராததைப் பார்த்து, இனி வரமாட்டார் என்று கொஞ்சம் தைரியம்கூட வந்திருந்தது.

அவர் கொற்றன்மேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதை ஊசலாட விடாமல் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவரைக் கொண்டுவந்து விட்ட இளம்பெண் உள்ளே வராமல் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு இறங்கிப் போவதை மங்கை பார்த்தாள்; முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த டீக்கடை ரோட்டைவிட நாலடிப் பள்ளத்தில் இருந்தது. நாலு படி இறங்கினால்தான் பெஞ்சு. நல்ல டீ என்று வேன் டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். மங்கை ஒருநாளும் அங்கே இறங்கியதில்லை. அவளுக்கு டீ மேலே வந்துவிடும்.

“ரெண்டு நாளும் உங்களைத் தேடினோமே” என்றாள்.

“பழசெல்லாம் பாக்க நான் வரலம்மா. இன்னைக்கு உள்ளதுதான் எனக்கு வேணும். மக தான் போன்ல பதிஞ்சு குடுத்தா” என்றார் வண்டிமலை.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. அந்தக் காலத்தில் அவள் ‘அரசி மேடம்’. இப்போது சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ‘மங்கை’ என்று மட்டும் இருக்கிறது. விசாரணை நடந்தபோது அவர் எதிரே அவள் உட்காரவே இல்லை. எழுதிக் கொடுத்த காகிதம்தான் உட்கார்ந்தது.

மற்றவர்களைத் தாழிக் குழிக்குள் ஏணி வழியாக இறக்கினாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த டாக்டர் கோதைநாயகி முதலில் இறங்கினார். எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கிறவர். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த குணசீலனும் அவர் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள். கும்பகோணத்து ஓய்வுபெற்ற டீச்சர்கள் இருவர், அக்காளும் தங்கையும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசியாக இறங்கினார்கள். மங்கை மேலேயே நின்று பேசினாள்.

“நீங்க இறங்க மாட்டீங்களா?” என்று கீழேயிருந்து டாக்டர் கேட்டார்.

“மூட்டு வலி டாக்டர்” என்றாள். பதினைந்து வருஷமாக அந்த மூட்டுக்கு வலியே வந்ததில்லை.

பெட்டியைப் பற்றி டாக்டர்தான் ஆரம்பித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று மங்கை தினமும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னாள். “மணல்ல பளபளன்னு ஒரு துகள் இருக்கும், குவார்ட்ஸ். வெளிச்சம் பட்டா அது உள்ள சேர்த்து வெச்சிருக்கிறதை எல்லாம் கொட்டிடும். மண்ணுக்குள்ள போய் இருட்டாயிட்டா மறுபடி சேர்க்க ஆரம்பிச்சிடும். எத்தனை வருஷமா இருட்டுல இருக்குன்னு அதை வெச்சுக் கணக்குப் போடுறது பழைய முறை. இப்போ, கடைசியா அது மேல விழுந்த வெளிச்சம் என்ன உருவமா விழுந்துதுங்கிறதையும் எடுக்கிறாங்க.”

“அப்போ இந்தத் தாழிக்குள்ள ஒட்டியிருக்கிற மண்ணு?”

“தாழியை மூடும்போது குனிஞ்சு பார்த்தவங்க முகம் அதுல இருக்கும். ஆனா ஒரே ஒரு தடவைதான். பெட்டி படிக்கிறதும் வெளிச்சத்தாலதானே. படிச்சு முடிச்சா அப்புறம் அது வெறும் மண்ணு.”

அதனால்தான் ஒரு குழுவுக்கு ஒரு வாசிப்பு என்று வைத்திருந்தார்கள். பெட்டி வந்த புதிதில் ஊர் உலகமே மூவாயிரம் வருஷத்து முகங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. அப்புறம் வழக்கமான வேலை ஆரம்பித்தது. ஒரு தாழியில் தெரிந்த மூக்கு எங்கள் ஆள் மூக்குதான் என்று இரண்டு ஊர்கள் கட்டிப் புரண்டதில் இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. பிறகு நீதிமன்றங்கள் பெட்டியின் படத்தைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டன. அதோடு தாழிகளை மறந்துவிட்டு ஜனங்கள் தங்கள் மண்ணைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மலைச்சரிவில் மூடிய மண், செங்கல் சூளை மண், கிணற்றுச் சேறு. சுற்றுலாவை நடத்துகிற அரசு நிறுவனமும் வந்த கூட்டத்தை விடுவானேன் என்று ஒரு விதி எழுதிக்கொண்டது. குழுவில் இருக்கிற எல்லோரும் சம்மதித்தால் தாழிக்குப் பதில் ஒருவர் கொண்டுவந்த மண்ணை வாசிக்கலாம். மண்ணை எடுத்த நேரம் முதல் வெளிச்சம் படவில்லை என்று வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படிப் படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை மங்கை விரல்விட்டு எண்ணிவிடுவாள். பாதிப் பேருக்குப் படத்தில் வெறும் வானம் வந்தது. சிலருக்கு முகம் வந்தது. அதைப் பார்த்தபிறகு அவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

மற்றவர்கள் குழிக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வண்டிமலை அவள் பக்கத்தில் வந்து பையைத் திறந்தார். கறுப்புத் துணியில் சுற்றிய ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டில். துணியை அவிழ்க்கவில்லை. தொட்டுத்தான் காட்டினார்.

“எங்க வீட்டுக்காரி சந்தனமாரி இங்கனதான் மண்ணு வேலை பாத்தா. அந்தா, வேலி போட்டுருக்கே, அந்தக் குழிதான். சுவரு சரிஞ்சு மூடிட்டு. நான் அப்பம் கேரளாவுல சூளையில கெடந்தேன். வந்து பாக்கும்போது பாயில கெடத்திருந்தாவ. கை மூடிக் கெடந்துது. நான்தான் விரிச்சேன். உள்ள இந்த மண்ணு இருந்துது.”

 ஆயிரம் வண்டிமலைகளில் அந்த ஒருவரேதான்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மழை பெய்த மறுநாள், எல்லோரையும் மேலே வரச்சொன்ன பிறகு, சந்தனமாரி சொல்பேச்சுக் கேட்காமல் தனியாகக் குழிக்குள் இறங்கினாள் என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. எதற்குத் தனியாக இறங்கினாள் என்று காகிதம் சொல்லவில்லை. அதை ஊர் சொன்னது. தாழியில் விலையுள்ள சிவப்புச் சூதுபவள மணி தெரிந்திருக்கும், கள்ளத்தனமாக எடுக்க இறங்கியிருப்பாள், அதனால்தான் கையை மூடியபடி செத்துக் கிடந்தாள் என்றது. அவர் விரித்த கையில் மண் மட்டும்தான் இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மணியை எடுத்து ஒளித்தவன் என்ற பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது.

“எம் மகளுக்கு அப்பம் ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல ஒரு வளையலு காணாமப் போனா இவ பையத்தான் மொதல்ல தட்டிப் பாப்பாவ. இப்பம் நர்சா இருக்கா. இன்னைக்கும் இந்த வாசலத் தாண்டி உள்ள வரமாட்டா.” வண்டிமலை மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ எறங்கும்போது மேல யாராச்சும் நின்னாவளா? அது தெரிஞ்சா போதும்.”

மேலே யார் நின்றது என்று மங்கைக்குத் தெரியும்.

வயது இருபத்தைந்து அப்போது. அகழாய்வில் அவள் பொறுப்பில் விட்ட முதல் குழி அது. மறுநாள் பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. முந்தின ராத்திரி மழை. காலையில் சந்தனமாரி குழியின் கிழக்குச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சுவர் வேர்த்திருக்கு மேடம் என்றாள். கீழே ஒரு தாழியின் விளிம்பு அப்போதுதான் வளைந்து தெரிய ஆரம்பித்திருந்தது. அதை முழுக்கக் காட்டிவிட்டால் நாளைக்குத் தன் பெயர் பேசப்படும் என்று அரசி மேடத்துக்கு ஆசை. ஈரத்தில் தூரிகை வேண்டாம், கையால் அள்ளு என்றாள். மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். சந்தனமாரி குத்தவைத்து உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தவள் நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மேடம் என்று கேட்டாள். அஞ்சே நிமிஷம் என்று அரசி மேடம் சொன்னாள். அதற்குள் சுவர் வந்துவிட்டது.

விசாரணையில் என்ன எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெரியவர்கள் மேலே மேலே போனார்கள். அவளால் ஆராய்ச்சியும் தொடர முடியவில்லை, இந்த மேட்டை விட்டுப் போகவும் முடியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பள்ளத்துக்குள்ளும் அவள் கால் வைத்ததில்லை.

இப்போது அந்தக் கைப்பிடி மண், கறுப்புத் துணிக்குள், அவளிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

“பாட்டிலை வீட்டுல எங்க வெச்சிருந்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டாள். 

வண்டிமலையின் முகம் மலர்ந்தது. யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. “சாமி மாடத்துலதாம்மா. மொதல்ல நான் வெளக்கேத்துனேன். பெறவு மக பெரியவளாகி அவ ஏத்துதா. காலைல ஒரு தடவ, அந்திக்கு ஒரு தடவ. இந்த இருவத்திரண்டு வருசத்துல ஒருநாளு தப்புனது கெடையாது. இன்னைக்கும் ஏத்திட்டுத்தான், ஒங்க ஆபீசுல சொன்ன மாதிரி கருப்புத் துணில சுத்தினா. வழியில துளி வெளிச்சம் படல.”

மங்கை அந்தக் கறுப்புத் துணியையே பார்த்தாள்.

ஒருநாள் வெயில் போதும், மணல் எல்லாவற்றையும் மறந்துவிட. இவர்கள் இருபத்திரண்டு வருஷம், வேளைக்கு ஒரு விளக்காக அதன் முன்னால் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சந்தனமாரியின் கை மூடியபோது அந்த மண்ணில் என்ன இருந்ததோ அது கையை விரித்தபோது தப்பியிருந்தாலும் முதல் விளக்கிலேயே போயிருக்கும். வேறு யாராக இருந்தாலும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்கள், அல்லது குப்பையில் கொட்டியிருப்பார்கள். கும்பிட்டே அழித்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க வேண்டியதில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ எடுத்து வைத்தது மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மற்ற ஐந்து பேரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஈப்போவிலிருந்து கடல் தாண்டி வந்த குணசீலன்தான் முதலில் சொன்னார், தாழி மூவாயிரம் வருஷம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று. டீச்சர்களில் தங்கை அழவே ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கோதைநாயகி படிவத்தை வாங்கி மடமடவென்று கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் நீட்டினார். கடைசியில் அது மங்கையிடம் வந்தது. ‘எடுத்த நேரம் முதல் வெளிச்சம் படாத மண் என்று சான்றளிக்கிறேன்.’ ஒன்றும் வராது, மங்கலாக ஒரு கறை வரும், அவர் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே மனுஷிக்காக இரண்டாவது பொய்க் கையெழுத்தைப் போட்டாள்.

கூடாரத்துக்குள் மங்கிய சிவப்பு விளக்கு ஒன்றுதான். செல்போன்களை வெளியே கூடையில் வாங்கி வைத்தாகிவிட்டது. மங்கை துணியை அவிழ்த்து, பாட்டிலிலிருந்து மண்கட்டியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள். எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. விரல் பதிந்த நாலு பள்ளம் அதில் இன்னும் தெரிந்தது. அதைப் பார்க்காமல் பெட்டியை மூடினாள்.

படம் உடனே வராது. நாலைந்து நிமிஷம் திரை சாம்பல் நிறத்தில் கலங்கிக்கொண்டே இருக்கும்.  அக்காள் டீச்சர் மட்டும் ஏதோ சுலோகம் முணுமுணுத்தார். சாம்பல் மெல்ல ஒதுங்கியது. முதலில் ஒரு கன்னம் வந்தது. பிறகு மூக்கு, தாழ்ந்திருந்த இமைகள், லேசாகத் திறந்த உதடுகள். ஓர் இளம்பெண்ணின் முகம், எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.

 மங்கை கடைசியாகப் பார்த்த சந்தனமாரியின் அதே முகம்.

அது எப்படி வரும் என்று ஒரு விநாடி அவளுக்குப் பிடிபடவே இல்லை. பிறகுதான் பார்த்தாள். வெளிச்சம் மோவாயில் விழுந்திருந்தது. நெற்றி இருட்டாக இருந்தது. படத்தின் அடியில், ஓரத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி சுடர் வடிவில் நீண்டிருந்தது.

வண்டிமலை திரைக்குக் கிட்டத்தில் போனார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, இன்னொன்றில் இன்னும் எடுக்கவில்லை. ரேஷன் கார்டுத் தாளில் நகத்தளவு இருக்கும் படத்தைத் தவிர பெண்டாட்டியின் முகத்தை இருபத்திரண்டு வருஷமாக எதிலும் பார்க்காதவர்.

“சந்தனமாரிதான்” என்றார்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டு, எவ்வளவு அமைதியான முகம் பாருங்கள், பயமே இல்லை, சுவர் சரிந்ததே உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்காது என்று தணிந்த குரலில் சொன்னார். எல்லோருமே அழுதுகொண்டிருந்தார்கள். வண்டிமலை அழவில்லை. அவர் பார்வை முகத்தைவிட்டு மேலே ஏறியது. தலைக்குமேல் இடப்பக்கம் தேடினார், வலப்பக்கம் தேடினார். கருப்பாகத்தான் இருந்தது.

“மேல ஆளே இல்லயேம்மா.”

டாக்டர் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“அப்பம் தனியாத்தான் எறங்கியிருக்கா” என்றார். பிறகு, “சரி” என்றார்.

அந்த ‘சரி’யை மங்கையால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஐந்து பேரையும் பார்த்துத் தனித்தனியாகக் கும்பிட்டார். என்னால் உங்களுக்குத் தாழி பார்க்க முடியாமல் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு காலிப் பாட்டிலைக் கையில் எடுத்து அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

“யம்மா, இந்த மண்ண இங்கனயே கொட்டிரலாமா? இனி அதுக்கு வெளக்கேத்த வேண்டாம்லா. மகட்ட ஒண்ணும் தெரியலன்னு சொல்லிருதேன். அவ அம்மய ஒருத்தியாவது நம்பிட்டுப் போகட்டும்.”

இப்போது பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்தது. அரசாங்கக் காகிதத்துக்கு அரசாங்கப் பெட்டியே சாட்சி சொல்லிவிட்டது. இனிமேல் யாரும் எந்தக் காலத்திலும் அரசி மேடத்தைத் தேடி வரமாட்டார்கள். தட்டில் கிடந்த மண்ணும் இப்போது காலி. கொற்றன்மேட்டில் அன்றைக்கு நடந்ததை அறிந்த ஒரே இடம் அவள் மண்டைதான். அதையும் ஒருநாள் எரித்துவிடுவார்கள்.

“கொட்ட வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். “இது உங்க வீட்டுக்காரி இல்ல.”

வண்டிமலை திரும்பினார்.

“குழிக்குள்ள வெளிச்சம் மேலருந்து வரும். இங்க கீழருந்து வருது பாருங்க. இந்தப் புள்ளி விளக்குத் திரி. இது உங்க மக. இன்னைக்குக் காலைல.”

அவர் மறுபடி குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டாக்டர் கோதைநாயகி அவரைப் பார்க்கவில்லை, மங்கையைப் பார்த்தார். டாக்டருக்குக் கணக்கு சீக்கிரம் விளங்கிவிட்டது.

“விளக்கு ஏத்துற இடத்துல இருந்த மண்ணுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“முன்னாடியும் ஒண்ணு போட்டிருக்கேன் டாக்டர்” என்றாள் மங்கை. பிறகு டாக்டரை விட்டுவிட்டு வண்டிமலையிடம் சொன்னாள். “மேல ஆள் நின்னுது. நான்தான் நின்னேன். சுவர் வேர்த்திருக்குன்னு உங்க வீட்டுக்காரி சொன்னா. நான் கேக்கல. கையால அள்ளச் சொன்னேன். அவ கையில இருந்தது நான் அள்ளச் சொன்ன மண்ணு. மணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். அவளை வெளிய எடுத்தப்புறம் நான் பொய் எழுதிக் குடுத்தேன்.”

இவ்வளவு நாள் சுமந்தது இத்தனை சின்னதாகச் சொல்லி முடிந்துவிட்டதே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூடாரத் துணியை வெளியே காற்று தட்டிக்கொண்டிருந்தது.

வண்டிமலை பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.  இடுக்கியைத் தேடாமல் மண்கட்டியை விரலாலேயே எடுத்துப் பாட்டிலுக்குள் இறக்கி மூடியைத் திருகினார். கறுப்புத் துணியை அவர் எடுக்கவில்லை.

“ஒங்கள ஏசணும்னு நான் வரல” என்றார். “ஏசாமப் போகவும் எனக்கு மனசு இல்ல. ஆனா அதுக்கு முன்ன ஒண்ணு இருக்கு. எங்கிட்டச் சொன்னதுல ஒண்ணும் ஆவப்போறதில்ல, நான் என்னைக்கும் அவள நம்பாம இருந்தது கெடையாது, இந்தா இப்பம் ஒரு அஞ்சு நிமிசம் தவிர.” பாட்டில் மூடியை இன்னொரு தடவை இறுக்கினார்.  “களவாணி மகன்னு கேட்டு வளந்தவ ஒருத்தி வெளிய இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க. பேரு செல்வக்கனி.”

மங்கை படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். எட்டு வரிதான் வந்தது. தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். குணசீலனும் டாக்டரும் அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். போடும்போது இருவருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. இந்தக் காகிதம் எங்கே போக வேண்டுமோ அங்கே போகும், அதற்கு மேல் என்ன வருமோ வரட்டும். சட்டையிலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெயிலில் கண் கூசியது. வேலி போட்ட குழியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். வழக்கமாக அவள் ஆட்களை அந்தப் பக்கம் கூட்டிப் போகாமல் சுற்றி அழைத்துப் போவாள். இன்று நேராக நடந்தாள். வண்டிமலை பாட்டிலை நெஞ்சோடு பிடித்தபடி பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் மண் மேல் வெயில் விழுந்தது. இனி விழுந்தால் என்ன.

ரோட்டைத் தாண்டி விளிம்பில் வந்து நின்றாள். கீழே டீக்கடை பெஞ்சில் செல்வக்கனி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன டீ பக்கத்தில் இருந்தது. நிழல் மேலே விழுந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சம் மேலிருந்து நேராக அந்த முகத்தில் விழுந்தது. அதே நெற்றி, கண்ணைச் சுருக்கிய அதே விதம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்துக்கு ஒருநாள்கூட வயதாகவில்லை. 

“அப்பா இன்னும் உள்ளயா இருக்காவ?” என்று கேட்டாள் செல்வக்கனி. “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மேடம்?”

 மங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் கால் வைத்து, பள்ளத்துக்குள் இறங்கினாள்.